மரவள்ளியின் நஞ்சும் சேகோ ஆலையின் தண்ணீரும்

காவிரியிலிருந்து ராஜவாய்க்கால் பிரியும் ஜேடர்பாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வெற்றிலை, கரும்பு, வாழை ஆகியவற்றோடு மரவள்ளியும் பயிராகிறது. தோண்டி எடுத்த கிழங்கு சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளுக்கு லாரியேறும்போது, அதிலுள்ள மாவுச்சத்தைக் குறிக்கும் ‘பாயிண்ட்’ கணக்கில் விலை பேசப்படுகிறது. அந்தப் பேரத்தில் கிழங்கின் சயனைடைப் பற்றி எவரும் வாய் திறப்பதில்லை என்பது, இத்தொழிலின் செய்முறை அறிந்தவர்க்கு வியப்பளிக்காது.

தென்னமெரிக்கப் பயிரான மரவள்ளி, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளின் ஊக்கத்தால் ஏழைகளின் உணவாக அங்கே பரவியது. சேலத்திலோ அது ஆலைச் சரக்காகவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரால் மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றபோது, சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியாரும், பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷாவும் 1943இல் மரவள்ளி மாவைக் கொண்டு ஜவ்வரிசி செய்யத் தொடங்கினர். 1981இல் ஆலைக்காரர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் உருவாயிற்று.

அதே 1981இல், வறட்சியில் சிக்கிய மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில், கசப்பு மரவள்ளியை ஊறவைத்து உலர்த்தப் பொறுமையோ உணவிருப்போ இல்லாமல் உண்ட மக்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் கால்கள் திடீரென விறைத்துப்போயின. 1938இலேயே காங்கோவில் திரோலி என்ற மருத்துவர் விவரித்திருந்த ‘கான்சோ’ நோய் இது. ஒருமுறை வந்தால் மீளாதது.

கிழங்கின் திசு சிதையும்போது லினமரின் என்ற சேர்மம் லினமரேஸ் என்ற நொதியைச் சந்திக்க, அதன் விளைவாக ஹைட்ரஜன் சயனைடு வெளிப்படுகிறது. இது உயிரணுவின் மைட்டோகாண்ட்ரியாவில், ஆக்சிஜனைப் பயன்படுத்தும் கடைசி நொதியை முடக்கி, ஆற்றல் உற்பத்தியை நிறுத்துகிறது. நரம்பணுவுக்கு இது பேரிடி. ஏனெனில், அதன் உள்ளே உள்ளதைப் போல் ஏறத்தாழ 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்க, அந்த வேறுபாட்டைக் காத்து நிற்பவை ஆற்றலால் இயங்கும் அயனி இறைப்பிகளே. சாதாரண வேளையில் சிறிதளவே உட்புகும் கால்சியம் நரம்பின் செய்திக்குறியாகப் பயன்படுகிறது. இறைப்பிகள் தளர்ந்தால், குளூட்டமேட் என்னும் தூண்டுபொருள் தேங்கி வாயில்களைத் திறந்துவைக்க, கட்டுக்கடங்காமல் நுழையும் கால்சியம் கால்பெய்ன் முதலிய நொதிகளை எழுப்பி, நரம்பணுவின் சட்டகத்தையே அறுக்கச் செய்கிறது. மிகைத்தூண்டலால் நேரும் இந்த அழிவுக்கு 1969இல் பெயர் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓல்னி. கான்சோவில் இயக்க நரம்பணுக்கள் கெடுவதற்கும் இதையொத்த வழியைப் பல ஆய்வாளர்கள் காரணமாகக் கருதுகின்றனர்.

சேகோ ஆலையில் கிழங்கைத் தோலுரித்து, அரைத்து, ஏராளமான தண்ணீர் விட்டுச் சல்லடையில் வடித்து, மாவுப்பாலைத் தொட்டிகளில் தெளியவிடுகின்றனர். அரைக்கும்போதே விடுபடும் சயனைடில் பெரும்பகுதி நீரோடு போய்விட, ஏறத்தாழ 26 பாகை செல்சியஸிலேயே கொதித்து ஆவியாகும் எச்சம் வறுக்கும்போதும் களத்தில் காயும்போதும் அகல்கிறது. ஜவ்வரிசி வெண்மையாக வேண்டும் என்ற வணிக நோக்கமே, யாரும் திட்டமிடாமல், நச்சு நீக்கும் வேலையையும் சேர்த்துச் செய்தது. கழுவப்பட்ட நஞ்சு கழிவுநீரில் சேர்ந்தது. அந்தச் செலவு விலைக்கணக்கில் நெடுங்காலம் ஏறவில்லை.

ஆலைக்குள் போகாத இலையிலும் பட்டையிலும் அந்த நஞ்சு அப்படியே இருப்பதால், மரவள்ளித் தழையை மேய்ந்த ஆடுமாடுகள் மூச்சுத்திணறி விழுவதுண்டு. அவற்றுக்குக் கால்நடை மருத்துவர் செலுத்தும் சோடியம் தயோசல்பேட், தன் கந்தகத்தைக் கொடுத்துச் சயனைடை வீரியம் குறைந்த தயோசயனேட்டாக மாற்றுகிறது; கிழங்கோடு பருப்போ மீனோ உண்பவர் உடலில் அந்தக் கந்தகத்தைப் புரதமே தருகிறது, நம்புலாவின் வறட்சியில் மக்களுக்குக் கிட்டாமல் போனதும் அதுவே.