ரத்த அழுத்தத்தை அளந்த வரலாறு

ரத்த அழுத்தத்தை முதலில் அளந்தவர் மருத்துவர் அல்லர். இங்கிலாந்தின் டெடிங்டன் ஊர்ப் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு குதிரையின் தொடைத் தமனியில் பித்தளைக் குழாயைச் செருகி, அதனோடு நீண்ட கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். ரத்தம் எட்டடிக்கு மேல் ஏறி நின்றது. 1733இல் இதை நூலில் வெளியிட்டார். 1828இல் பாரிசில் புவாசேய் பாதரசத்தைக் கையாண்டார். பாதரசம் தண்ணீரைப்போலப் பதின்மூன்று மடங்குக்கு மேல் கனமானது என்பதால் குழாயின் நீளம் குறைந்தது. ஆனாலும் தமனியைத் திறக்காமல் அளக்க வழியில்லை. நோயாளிக்கு அதனால் பயனும் இல்லை.

தமனியைத் திறக்காமல் அளக்கும் வழி 1881இல் பிறந்தது. வியன்னாவின் ஃபான் பாஷ், தண்ணீர் நிரப்பிய ரப்பர்ப் பையால் மணிக்கட்டை அழுத்தி, நாடி எப்போது மறைகிறது என்று பார்த்தார். 1896இல் இத்தாலியின் டூரினில் ரிவா-ரோச்சி மேற்கையைச் சுற்றிக் காற்றுப்பட்டையைக் கட்டினார். இன்றைய கருவியின் வடிவம் இதுதான். ஆனால் பட்டை 5 செ.மீ. அகலமே இருந்தது. குறுகிய பட்டையின் அழுத்தம் ஆழத்திலுள்ள தமனியை முழுதாக எட்டாது. கூடுதல் காற்று அடிக்க வேண்டியிருப்பதால் அளவு உண்மையைவிட உயர்ந்து காட்டும். 1901இல் ஃபான் ரெக்லிங்ஹவுசன் பட்டையை அகலமாக்கி இதைச் சரிசெய்தார். பருத்த கைக்குச் சிறிய பட்டையைக் கட்டும் இடங்களில் அதே பிழை இன்றும் நடக்கிறது.

நாடியைத் தொட்டுப் பார்த்தால் மேல் அளவு மட்டுமே கிடைக்கும். 1905இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவக் கழகத்தில் அறுவை மருத்துவர் நிக்கலாய் கொரோட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். காற்றை இறக்கும்போது ஒலி தொடங்குமிடம் மேல் அளவு, மறையுமிடம் கீழ் அளவு. அவரது அறிக்கை ஒரு பக்கத்தைக்கூட நிரப்பவில்லை. கீழ் அளவை ஒலி மங்கும்போது குறிப்பதா, அடங்கும்போது குறிப்பதா என்ற சர்ச்சை மட்டும் பல பத்தாண்டுகள் நீடித்தது. கடைசியில் ஒலி அடங்குமிடமே பொதுவாக ஏற்கப்பட்டது.

அளப்பவரிடமும் கோளாறு இருந்தது. கேட்டதைக் குறிக்கையில் கை தானாகவே 0, 5 என முடியும் எண்களை நாடியது. மேல் அளவில் 140 என்ற எல்லையை ஒட்டிய நோயாளிக்கு மாத்திரை கொடுப்பதா வேண்டாமா என்பதையே இந்தப் பழக்கம் மாற்றிவிடக்கூடும். 1960களில் லண்டனில் ஜெஃப்ரி ரோஸ் குழுவினர், அளந்து முடிக்கும்வரை எண்ணை மறைத்து வைக்கும் கருவியை ஆய்வுகளுக்காக உருவாக்கினர்.

பின்னர் வந்த மின்னணுக் கருவி ஒலியைக் கேட்பதில்லை. பட்டைக்குள் எழும் அதிர்வுகளிலிருந்து கணக்கிடுகிறது; கணக்கின் சூத்திரத்தைத் தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் வெளியிடுவதில்லை. அதனால் ஒவ்வொரு மாதிரியையும் தனியே சோதித்துச் சான்றளிக்க வேண்டியதாயிற்று. பாதரசக் கருவிகளைக் கைவிடும் வேகத்தைச் சுற்றுச்சூழல் கவலையும் கூட்டியது: 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை, அவற்றின் தயாரிப்புக்கும் வணிகத்துக்கும் 2020ஐக் கெடுவாக வைத்தது. எந்தக் கருவியானாலும் கை இதயமட்டத்தில் இருக்க வேண்டும், 10 செ.மீ. தாழ்ந்தால் அளவு 7 அல்லது 8 மி.மீ. பாதரசம் கூடிவிடும்.