ஒரு தோட்டத்தின் நாட்குறிப்பு



வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே நம் நினைவில் எழுகின்றன. தோட்டத்தில் அவரை விதை ஊன்றிய நாளும் வரலாறு ஆகுமா என்று கேட்டால் நீங்கள் நகைக்கக்கூடும். ஆகும் என்பதற்குச் சான்றாக ஓர் ஆங்கிலேயரின் தோட்டத்தைப் பற்றி இன்று சொல்ல விரும்புகிறேன்.

இங்கிலாந்தின் தென்பகுதியில், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில், செல்போர்ன் என்றொரு சிற்றூர் உண்டு. 1720-ஆம் ஆண்டு அங்கே பிறந்த கில்பர்ட் ஒயிட், ஆக்ஸ்போர்டில் பயின்று, கிராமத் தேவாலயங்களில் உதவிக் குருவாகப் பணியாற்றியவர். நெடும்பயணம் மேற்கொண்ட ஆராய்ச்சியாளர் அல்லர். தம் வீட்டுத் தோட்டத்தில் நிகழ்வனவற்றை அவ்வப்பொழுது எழுதி வைத்தார். அவர் செய்த அருஞ்செயல் அதுவே.

1751 ஜனவரியில், அவரையினத்து விதைகளை விதைத்த செய்தியுடன் அவருடைய தோட்டக் குறிப்பு தொடங்குகிறது. குளிர் நீங்காத பருவத்தில் முலாம்பழமும் வெள்ளரியும் முளைப்பது எங்ஙனம்? குதிரைச் சாணத்தை வண்டி வண்டியாகக் கொணர்ந்து குவித்து, அதன்மேல் மண் பரப்பி, கண்ணாடிச் சட்டங்களால் மூடுவார். சாணம் மக்கும்போது எழும் வெப்பமே விதைக்குச் சூடளிக்கும். ஏப்ரலில் தகைவிலான் குருவிகள் தென்னாட்டிலிருந்து திரும்பும். கோடையில் பழம் கனியும். பின்னாளில், 1780 முதல், அவர் தோட்டத்தில் ஓர் ஆமையும் வாழ்ந்தது. அது நவம்பரில் மண்ணுக்குள் புதைந்து உறங்குவதையும், வசந்தத்தில் வெளிப்படுவதையும் தவறாமல் குறித்தார்.

டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற நண்பர், வெப்பம், காற்று, மழை, முதற்பூ, பறவை வரவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் அச்சிட்ட ஏடொன்றை அவருக்கு அளித்தார். 1768 முதல், 1793 ஜூனில் மறையும் வரை, இருபத்தைந்து ஆண்டுகள் ஒயிட் அதை நிரப்பி வந்தார். அக்குறிப்புகளின் துணையோடு அவர் இயற்றிய ‘செல்போர்னின் இயற்கை வரலாறு’ 1789-இல் வெளியாயிற்று.

இதனால் விளைந்த பயன் யாது? 1783 கோடையில், ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை, விந்தையானதொரு புகைமூட்டம் கவிந்து, நடுப்பகற் கதிரவனும் ஒளி குன்றியதாக அவர் எழுதினார். ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலைப் பிளவில் ஜூன் 8 முதல் பொங்கிய வாயுக்களே அதற்குக் காரணம் என்பதை இன்று நாம் அறிவோம். காரணம் அறியாதவர் எழுதிய தேதியே காரணம் அறிந்தோர்க்குச் சான்றாயிற்று.

இன்னொன்றும் கேளுங்கள். 1753 முதல் பிரிட்டனில் பலர் பதிந்த நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட பூப்புக் குறிப்புகளைக் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் ஆராய்ந்து, 2022-இல் முடிவை வெளியிட்டனர். 406 தாவர இனங்களின் முதற்பூ, 1986-க்கு முற்பட்ட காலத்தைவிடச் சராசரியாக ஒரு மாதம் முந்திவிட்டது. புவி வெப்பமடைவதன் அறிகுறி அது. முந்திப் பூத்த செடி பிந்தி வரும் உறைபனிக்கு இரையாகலாம். பூவும் அதை நாடும் பூச்சியும் காலத்தால் பிரிந்துபோகலாம். பழைய ஏடுகள் இல்லையேல், எது முன்பு, எது பின்பு என்று எதனைக் கொண்டு அளப்பது?

இங்கே என் குறையையும் சொல்லிவிடுகிறேன். தலைமையாசிரியனாக இருந்த ஆண்டுகளில் மாணவரைக் கொண்டு பள்ளித் தோட்டம் வளர்த்தேன். கிணற்றடி வேம்பு ஆண்டுதோறும் பூத்ததைக் கண்டேன். முன்பைவிட இப்பொழுது விரைந்து பூக்கிறதா என்று ஒரு மாணவன் என்னைக் கேட்டான். விடை கூற இயலவில்லை. வருகைப் பதிவேட்டில் ஒரு நாளும் தவறாத நான், அம்மரத்திற்கென ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. பார்த்தது உண்மை, ஆயினும் பதியாத பார்வை என்னோடு மறைந்துவிடும்.

உங்கள் கொல்லைப்புறத்தில் ஒரு முருங்கையோ அவரைப் பந்தலோ இருக்கலாம். அதன் முதற்பூ மலரும் நாளை ஒரு நோட்டில் எழுதுங்கள். மறு ஆண்டும் அதே செடிக்கு, அதே நோட்டில் எழுதுங்கள். என்னிடம் கேட்ட மாணவனுக்கு நான் அளிக்கத் தவறிய விடை அந்த நோட்டில் சேரும்.