மேட்லேப் தெரியும், ஜூலியாவுக்கு மாறலாமா? எரர் காட்டாமலேயே கணக்கு தப்பாகும் 3 இடங்கள்!

மேட்லேபில் பல வருஷம் புரோகிராம் எழுதியவர்களுக்கு ஜூலியா மொழியை முதன்முதலில் பார்க்கும்போது, "அட, இது நமக்குத் தெரிஞ்சதுதானே!" என்று தோன்றும். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியில்தான் சிக்கல். புரோகிராம் பாதியில் நின்றால் கவலை இல்லை, எங்கே தப்பு என்று கம்ப்யூட்டரே காட்டிவிடும். ஆனால் எந்த எரரும் வராமல் தப்பான விடை வந்தால்? அதை நம்பி ஆய்வறிக்கையோ, டிசைனோ போய்விட்டால்? மாறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை என்னென்ன? பார்க்கலாம்.

ஜூலியா என்றால் என்ன?

முதலில் மேட்லேப் கதை. ஃபோர்ட்ரான் எழுதத் தெரியாத மாணவர்களும் மேட்ரிக்ஸ் கணக்கு போட வேண்டும் என்பதற்காக, 1970களின் இறுதியில் கணிதப் பேராசிரியர் கிளீவ் மோலர் உருவாக்கியது அது. 1984-ல் மேத்வொர்க்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்ட பிறகு விற்பனைக்கு வந்தது.

ஜூலியா 2012 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது. ஜெஃப் பெசான்சன், ஸ்டீஃபன் கார்பின்ஸ்கி, விரல் பி.ஷா, ஆலன் எடெல்மேன் ஆகிய 4 பேர் இதை உருவாக்கினர். இவர்களில் விரல் பி.ஷா, நம்ம ஊர் ஆதார் திட்டத்திலும் பணியாற்றியவர். 1.0 பதிப்பு 2018 ஆகஸ்ட்டில் வெளியானது.

ஏன் மாறுகிறார்கள்?

முதல் காரணம் காசு. மேட்லேபுக்கு லைசென்ஸ் வாங்க வேண்டும், ஜூலியா முழுக்க இலவசம். இரண்டாவது வேகம். எளிய மொழியில் எழுதிப் பார்த்துவிட்டு, வேகத்துக்காக சி அல்லது ஃபோர்ட்ரானில் மறுபடி எழுதுவது விஞ்ஞானிகளின் பழைய தலைவலி. ஜூலியா ஒவ்வொரு ஃபங்ஷனையும் முதல்முறை ஓடும்போதே மெஷின் மொழிக்கு மாற்றிவிடுவதால், பெரும்பாலும் அந்த இரட்டை வேலை தேவைப்படாது.

எதெல்லாம் பழசு மாதிரியே இருக்கும்?

எண்ணிக்கை 1-ல் இருந்துதான் தொடங்கும். மேட்ரிக்ஸ் மெமரியில் நெடுவரிசையாகத்தான் அடுக்கப்படும். மேட்லேபில் ( ) போடும் இடத்தில் ஜூலியாவில் [ ] போட வேண்டும். மறந்தால் உடனே எரர் வந்துவிடும், அதனால் ஆபத்தில்லை. ஆபத்து கீழே உள்ள மூன்றில்தான்.

1. நகல் என்று நினைத்தால் நகல் இல்லை!

ஒரு பட்டியலை இன்னொரு பெயருக்குச் சமம் என்று எழுதினால், மேட்லேபில் இரண்டும் தனித்தனி. புதியதை மாற்றினாலும் பழையது அப்படியே இருக்கும். ஜூலியாவில் அது ஒரே பட்டியலுக்கு இரண்டு பெயர் வைப்பது போல. புதியதில் ஒரு எண்ணை மாற்றினால் பழையதும் மாறிவிடும். தனி நகல் வேண்டும் என்றால் 'காப்பி' ஃபங்ஷனைப் பயன்படுத்த வேண்டும்.

2. பெரிய எண் திடீரென மைனஸ் ஆகும்!

மேட்லேபில் சாதாரணமாக அடிக்கும் எண்கள் எல்லாமே தசம எண்ணாகத்தான் எடுத்துக்கொள்ளப்படும். ஜூலியாவில் 10 வேறு, 10.0 வேறு. 64 பிட் கம்ப்யூட்டரில் 10^19 என்று கொடுத்தால் ஜூலியா தரும் விடை -8446744073709551616. முழு எண்ணுக்கான இடம் போதாமல் சுற்றிவந்து மைனஸ் ஆகிவிடுகிறது. 10.0^19 என்று எழுதினால் சரியாக வரும்.

எண்ணுக்கு இடம் போதாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம்? 1996 ஜூன் 4-ல் ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய ஒரு நிமிடத்துக்குள் சிதறியது. ஏரியான் 4-ல் ஒழுங்காக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்துப் பயன்படுத்தியதில், ஒரு மதிப்பு 16 பிட் இடத்தில் அடங்காமல் போனதே காரணம். அங்கே மொழி வேறு, ஆனால் பாடம் ஒன்றுதான்.

3. ஒரு புள்ளி விட்டால் கணக்கே வேற!

மேட்லேபில் மேட்ரிக்ஸுக்கு சைன் போட்டால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு எண்ணுக்கும் தனித்தனியாக சைன் கிடைக்கும். ஜூலியாவில் அதற்கு ஃபங்ஷன் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வைக்க வேண்டும். புள்ளி இல்லாவிட்டால், சதுர மேட்ரிக்ஸை முழுதாக ஒரே பொருளாக எடுத்துக்கொண்டு வேறு கணக்கு போட்டுவிடும். விடையும் ஒரு மேட்ரிக்ஸாகவே வருவதால் சந்தேகமே வராது.

வேகம் வரலையா?

கோடை ஃபங்ஷனுக்குள் எழுதாமல் வெளியே விட்டால் ஜூலியா மெதுவாகத்தான் ஓடும். முதல்முறை ஓட்டும்போது ஆகும் தாமதத்தைப் பார்த்தும் முடிவு செய்யாதீங்க, இரண்டாவது ஓட்டத்தைக் கணக்கில் எடுங்க. லூப்பைத் தவிர்க்கும் மேட்லேப் பழக்கமும் இங்கே தேவையில்லை.

எப்படிப் பாதுகாப்பாக மாறுவது?

விடை தெரிந்த ஒரு சின்ன பழைய புரோகிராமில் இருந்து தொடங்கலாம். உள்ளீட்டை மேட்லேபில் ஃபைலாகச் சேமித்து, அதே ஃபைலை இரண்டிலும் ஓட்டி விடைகளை ஒப்பிட வேண்டும். ரேண்டம் எண்களை அங்கங்கே உருவாக்கினால் இரண்டும் ஒத்துவராது. கடைசி ஓரிரு தசம இலக்கம் மாறுவது சகஜம், அதைத் தாண்டி வித்தியாசம் இருந்தால் மேலே சொன்ன மூன்றையும் ஒருமுறை சரிபாருங்க.

எல்லாம் ஒத்துப்போகும் வரை பழைய மேட்லேப் ஃபைலை மட்டும் டெலீட் பண்ணிடாதீங்க!