வாசிக்கத் தெரியாதவர்களின் ஆல்பம்

சென்ற வாரம், 1976 டிசம்பர் 1 மாலை லண்டன் தேம்ஸ் தொலைக்காட்சியில் பில் கிரண்டி எடுத்த பேட்டியோடு நிறுத்தியிருந்தோம். நேரலையில் வந்து விழுந்த கெட்ட வார்த்தைகளைப் பத்திரிகைகள் மறுநாள் முதல் பக்கத்தில் போட, செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக் குழுவின் பெயர் பிரிட்டன் முழுக்கப் பரவியது. அதற்குப் பிறகு நடந்தவை பலமுறை சொல்லப்பட்டவைதான். 1977 ஜனவரியில் இ.எம்.ஐ. நிறுவனம் அவர்களைக் கைகழுவியது. மார்ச் 10 அன்று பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வெளியே மேசை போட்டு ஏ அண்ட் எம் நிறுவனத்தோடு கையெழுத்திட்டார்கள். ஆறே நாளில் அந்த ஒப்பந்தமும் முறிந்தது. மே மாதம் வர்ஜின் நிறுவனம் சேர்த்துக்கொண்டது. அக்டோபர் 28 அன்று ‘நெவர் மைண்ட் தி பாலக்ஸ்’ கடைக்கு வந்தது. அந்தக் குழு ஸ்டுடியோவில் உருவாக்கிய ஒரே ஆல்பம் அதுதான். இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு தீர்ப்பையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: பையன்களுக்கு வாசிக்கத் தெரியாது, மேனேஜர் மால்கம் மெக்லாரன் வம்பை விற்றுக் காசு பார்த்தார், ஆல்பம் அந்த வியாபாரத்தின் ஒரு சரக்கு. மெக்லாரனே பிற்பாடு அப்படித்தான் பெருமை பேசினார். ஆனால் அந்த ஆல்பம் ஒலிப்பதிவான விதத்தைப் பார்த்தால் இந்தத் தீர்ப்பு நிற்காது.

ஒலிப்பதிவு நடந்த இடம் வடக்கு லண்டன் ஹைபரியில் இருந்த வெசெக்ஸ் ஸ்டுடியோ. தயாரிப்பாளர் கிறிஸ் தாமஸ், பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பம்’ உருவானபோது ஜார்ஜ் மார்ட்டினிடம் உதவியாளராக இருந்தவர். பிங்க் ஃப்ளாய்டின் ‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ கடைசிக் கட்ட ஒலிக்கலவையில் பங்கெடுத்தவர். பங்க் இளைஞர்கள் எந்த இசையைக் கிழவர்களின் இசை என்று ஏசினார்களோ, அதே பள்ளியிலிருந்து வந்தவர். அவரோடு ஒலிப்பதிவாளர் பில் பிரைஸ். இருவரும் செய்த முக்கியமான காரியம், ஸ்டீவ் ஜோன்ஸின் கிட்டாரை ஒருமுறை பதிந்து, அதன்மேல் அவரையே மறுபடி வாசிக்கவைத்துப் பதிந்து, அதற்கும் மேல் இன்னொன்று என்று அடுக்கிக்கொண்டே போனது. ஒரே கிட்டார் முழங்குவதுபோல் கேட்பது உண்மையில் பல கிட்டார்கள். இப்படி அடுக்க வேண்டுமென்றால் வாசிப்பவரின் கை ஒவ்வொரு முறையும் தாளத்தில் அதே இடத்தில் விழ வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் சேறாகிவிடும். வாசிக்கத் தெரியாதவரால் ஆகிற வேலையா இது?

பேஸ் கிட்டார் விஷயம் இன்னும் சுவையானது. பெரும்பாலான பாடல்களின் இசையில் பங்குள்ள கிளென் மேட்லாக் 1977 பிப்ரவரியில் விலகிவிட்டார். அவர் இடத்துக்கு வந்த சிட் விஷஸுக்கு உண்மையாகவே வாசிக்க வராது. ஒலிப்பதிவு நடந்த மாதங்களில் கொஞ்ச காலம் மஞ்சள் காமாலையோடு மருத்துவமனையிலும் கிடந்தார். ‘பாடீஸ்’ பாடலில் அவர் வாசித்ததையும் காதில் விழாத அளவுக்கு அமுக்கிவிட்டார்கள். 1976 அக்டோபரிலேயே பதிவான ‘அனார்க்கி இன் தி யு.கே.’யில் இருப்பது மேட்லாக்கின் வாசிப்பு. மற்றவற்றில் அநேகமாக எல்லாம் ஜோன்ஸ் வாசித்த பேஸ்தான். கிட்டாரில் கார்டு எந்தச் சுரத்தில் நிற்கிறதோ அதையே பேஸிலும் அடித்துக்கொண்டு போனார். கிட்டாரும் பேஸும் ஒரே ஆளின் கை. கீழே பள்ளிக் காலத்து நண்பன் பால் குக்கின் பிசகாத டிரம்ஸ். அந்த ஆல்பத்தின் சுவர் போன்ற கனம் இதிலிருந்து வந்தது. நால்வரில் ஒருவருக்கு வராததை நால்வருக்கும் வராததாக ஆக்கியதுதான் பிற்காலக் கதையின் கோளாறு. ஜானி ராட்டனின் குரலும் ஏனோதானோ கத்தல் அல்ல. ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தையும் இழுத்துக் கடித்துத் துப்பும் அந்தப் பாணியைப் பின்னால் எத்தனையோ பேர் நகல் எடுக்கப் பார்த்தார்கள்; ஒட்டவில்லை.

இப்படி மெருகேற்றியது பங்க் இசைக்கே துரோகம் இல்லையா என்ற வாதம் அன்றே எழுந்தது. டேவ் குட்மன் முன்பு எடுத்த மாதிரிப் பதிவுகள், ஆல்பம் வருவதற்குச் சற்று முன் ‘ஸ்பங்க்’ என்ற பெயரில் திருட்டுத் தட்டாகக் கசிந்தன. அவற்றில்தான் உயிர் இருக்கிறது என்று சொன்ன ரசிகர்கள் உண்டு. அந்த ரசனையை நான் குறைசொல்ல மாட்டேன்; மேட்லாக்கின் துள்ளலான பேஸை அங்கேதான் நிறையக் கேட்க முடியும். ஆனால் ஒரே பாடல்கள் இரண்டு வடிவத்தில் கிடைப்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வசதி நமக்குக் கிடைக்கிறது. மாதிரிப் பதிவில் ஒரு நல்ல உள்ளூர்க் குழு கேட்கிறது. ஆல்பத்தில் இருப்பது வேறு அளவு. தி டேம்ன்டின் முதல் ஆல்பம் 1977 பிப்ரவரியிலேயே வந்துவிட்டது. தி கிளாஷ் தங்களுடையதைச் சில வார இறுதிகளில் பதிந்து ஏப்ரலில் வெளியிட்டார்கள். இரண்டும் அருமையானவை, ஆனால் மெலிந்த ஒலி. பங்கின் முகமாகக் கருதப்பட்டவர்களோ இவர்களுக்கெல்லாம் பிந்தி வந்தார்கள். கம்பெனிகள் துரத்தியடித்ததால் கிடைத்த அவகாசமும் ஆல்பத்துக்கு நன்மையாகவே முடிந்தது என்பேன்.

விற்றது வம்புதானே என்பது வலுவான ஆட்சேபம். ‘காட் சேவ் தி குவீன்’ அரசியின் வெள்ளிவிழா வாரத்தில் பி.பி.சி. தடையையும் மீறி 2ஆம் இடம் பிடித்தது. பூட்ஸ், டபிள்யூ.எச். ஸ்மித், வூல்வொர்த்ஸ் கடைகள் ஆல்பத்தை வைக்க மறுத்தும் அது வந்தவுடன் முதலிடம். நாட்டிங்ஹாமில் கடை ஜன்னலில் அட்டையைக் காட்டியதற்காக 1889ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தூசி தட்டி வழக்குப் போட்டார்கள். நவம்பர் 24 அன்று அது தள்ளுபடியானது. பிரிட்டனில் முதல் வார விற்பனைக்கு வம்பு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அமெரிக்காவில் நடந்தது வேறு. அங்கே கிரண்டியையும் தெரியாது, வெள்ளிவிழாவும் இல்லை. ஆல்பம் 106ஆம் இடத்துக்கு மேல் ஏறவில்லை. ஆனால் விற்றுக்கொண்டே இருந்து, 1992இல் 10 லட்சம் பிரதிகளுக்கான பிளாட்டினம் சான்று பெற்றது. குழு கலைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்த நிலையில், எந்த வம்பைக் காட்டி அதை விற்றிருப்பார்கள்?

1978 ஜனவரியில் அந்தக் குழு அமெரிக்க மேடைகளில் ஏறியபோது கிட்டார் ஒன்றுதான், பேஸ் விஷஸின் கையில். சான் பிரான்சிஸ்கோ விண்டர்லேண்ட் அரங்கில் 14ஆம் தேதி பதிவான ஒலியை ஆல்பத்தோடு வைத்துக் கேட்டால், வெசெக்ஸில் செய்த வேலை எவ்வளவு என்பது விளங்கும். அந்தப் பயணம் குழுவையே உடைத்த விதத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.