சுளுக்கு எடுத்த கை

1801 மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்த கும்பினியார், அதை இடித்து உழுது ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். கரிசல்காட்டில் சுளுக்குக்குத் தேய்த்து நீவுவதும் அதே ஆமணக்கின் விளக்கெண்ணெய்தான். நீவியது யாருடைய கை? சவரம் செய்தவர்தான் பரியாரி. அவர் வீட்டுப் பெண்தான் மருத்துவச்சி. 1909-இல் எட்கர் தர்ஸ்டன் இதை எழுதிவைத்தார். 1914-இன் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டமோ மேற்கத்திய மருத்துவம் படித்தவரை மட்டுமே ஏட்டில் ஏற்றியது. தீட்டுப் பார்த்த ஊர், இடுப்பு பிடிச்சுக்கிட்டா மட்டும் 'ஏலே, கொஞ்சம் நீவி விடு' என்று முதுகைக் காட்டியது. அதே வேலை பட்டதாரியின் கையில் சிகிச்சை. இவர் கையில் ஊழியம். 1974-இல் கோட்டையை நினைவுச்சின்னமாகத் திரும்பக் கட்டினோம். அந்தக் கைக்கு வரலாற்றில் எந்த இடம் ஒதுக்கியிருக்கிறோம்?