பாதையும் ஆலையும்

தேயிலை ஆலை தோட்டத்திலும் அதனை விற்கும் வணிக நிலையம் கொழும்பிலும் அமைந்தது ஏன்? இவ்வினாவுக்கு விடை தேடின், நமது சப்பிரகமுவ மலைகளின் சரித்திரத்திற் பெரும்பகுதி விளங்கும்.

பறித்த கொழுந்து நெடுநேரம் தாங்காது. அன்றியும், ஓர் இறாத்தல் தேயிலைக்கு நாலு இறாத்தலுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து வேண்டும். அதிலுள்ள நீரின் பாரத்தைத் துறைமுகம்வரை கூலி கொடுத்துச் சுமப்பார் யார்? ஆகவேதான் நம்மவர் ‘இஸ்டோர்’ என்றழைக்கும் ஆலை, கொழுந்து விளையும் மலையிலேயே எழுந்தது. இறப்பர்ப் பாலுக்கும் இதே நியதிதான். செய்கையில் எடை குறையும் பொருளின் ஆலை மூலப்பொருளை நாடிச் செல்லும் என்பதை, ஜெர்மானிய அறிஞர் அல்பிரட் வெபர் 1909 இல் ஒரு கோட்பாடாகவே வகுத்தார்.

விற்பனையோ வேறு வகை. கொழும்பில் 1883 இல் தேயிலை ஏலம் தொடங்கிற்று. கப்பலும் வங்கியும் இலண்டன் விலையைக் கூறும் தந்தியும் ஓரிடத்தில் இருந்தமையால், முகவர் நிலையங்களும் அங்கேயே நிலைத்தன.

மலையையும் துறைமுகத்தையும் இணைத்தது பாதை. முன்னாளில் இரத்தினபுரிச் சரக்குகள் களு கங்கையில் படகேறிக் களுத்துறை சேர்ந்தன. பின்னர், இரண்டரை அடி அகலமே கொண்ட களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதம் எட்டியாந்தோட்டைக்கும், 1912 இல் இரத்தினபுரிக்கும், 1919 இல் ஓபநாயக்கவுக்கும் வந்தது. லொறிகள் பெருகவே அதன் காலமும் முடிந்தது. இன்று அப்பாதை அவிசாவளையோடு நின்றுவிடுகிறது. சிறு தோட்டக்காரரின் கொழுந்தை லொறியில் திரட்டும் ஆலைகள் தெருவோரங்களில் எழுந்துள்ளன.

இக்கணக்கில் நம் முன்னோர் எங்கே? சரக்கின் கூலியைக் கம்பனி ஏற்றது. ஆட்களின் வழிச்செலவோ முன்பணத்தோடு சேர்ந்து அவர்கள் தலையிலேயே கடனாக ஏறிற்று. அக்கடனைச் சுமந்த ‘துண்டு’ முறை 1921 இல்தான் ஒழிக்கப்பட்டது. விடியுமுன் வேலைக்கு ஆள் வேண்டுமென்பதால், லயங்களும் மலைக்குள்ளேயே கட்டப்பட்டன. கொழுந்துக்கு ஆலை அருகில். நமக்கோ உயர்தரப் பாடசாலையும் பெரிய வைத்தியசாலையும் தூரத்தில்!

வாலிபர்களே, பெரியோர்களே! பாதை எங்கு செல்கிறதோ அங்கே தொழில் செல்லும் என்பது சரித்திரம் புகட்டும் பாடம். தேயிலைப் பெட்டிக்காகப் பாதை சமைத்த அதே கணக்கை, புத்தகம் சுமக்கும் பிள்ளைக்காகவும் போடும்படி கேட்பது நம் கடனன்றோ!