இராமானுஜனின் பட்டியலும் விடுபட்ட எண்ணும்

எண்களுள்ளே பங்கிடுவதற்கு இசைந்தவை சில, இசையாதவை சில. பசறைப் பாடசாலை ஒன்றிலே பன்னிரண்டு அப்பியாசக் கொப்பிகள் இருப்பின், அவற்றை இருவர், மூவர், நால்வர், அறுவர், பன்னிருவர் என எவ்வாறும் மீதியின்றிப் பங்கிடலாம். பதின்மூன்று கொப்பிகள் இருப்பின் அவ்வாறு பங்கிட இயலாது. பன்னிரண்டுக்குக் காரணிகள் 6. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. இவ்வாறு தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் வெல்லும் எண்ணே மிகுபகு எண் எனப்படும். 24, 36, 48, 60, 360 என்பனவும் இவ்வினத்தவையே.

இவ்வெண்களுக்குப் பெயரிட்டு, இவற்றின் இயல்பை விரிவாக ஆராய்ந்தவர் சீனிவாச இராமானுஜன். 1887ஆம் ஆண்டு ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கணிதம் ஒன்றிலேயே மூழ்கியமையாற் கல்லூரிப் பரீட்சையில் தேறாதவர். 1912இற் சென்னைத் துறைமுகத்திலே எழுதுவினைஞராக அமர்ந்தவர். 1914இற் கேம்பிரிட்ஜ் சென்ற அவர், மறு ஆண்டே இவ்வெண்களைப் பற்றிய நீண்ட கட்டுரையை இலண்டன் கணிதச் சங்கத்தின் ஏட்டில் வெளியிட்டார். பரீட்சை மறுத்த பட்டத்தை 1916இல் அவருக்கு ஈட்டித் தந்தது இவ்வாராய்ச்சியே. சங்கத்தின் பணமுடையால் அன்று அச்சேறாத எஞ்சிய பகுதி, 1997இல் ஆய்வேடொன்றில் வெளிவந்தது.

அக்கட்டுரையின் பட்டியல் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களைக் கொண்டது. அதன் இறுதி எண் 6,746,328,388,800. அதாவது, ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெண்ணாயிரத்து எண்ணூறு. இதன் அமைப்போ மிக எளிது. 2 ஆறு தடவை, 3 நான்கு தடவை, 5உம் 7உம் இவ்விரு தடவை, 11, 13, 17, 19, 23 என்பன ஒவ்வொரு தடவை. இவற்றையெல்லாம் பெருக்கினால் இவ்வெண் வரும். சிறிய முதன்மை எண் வரும் தடவையினும் பெரியது மிகுதியாக வருவதில்லை; இறுதியில் நிற்பது ஒரு தடவையே வரும். 4, 36 என்னும் இரண்டு நீங்கலாக, மிகுபகு எண்கள் யாவும் இவ்விதிக்கு அடங்கும் என்று இராமானுஜன் நிறுவினார். தடவைகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினாற் காரணித் தொகை கிடைக்கும். இவ்வெண்ணுக்கு அது 10,080.

எனினும் அப்பட்டியலில் ஓரெண் விடுபட்டிருந்தது, அது 293,318,625,600. இறுதி எண்ணை 23ஆல் வகுத்தால் இது வரும்; இதன் காரணிகள் 5,040, இறுதி எண்ணின் காரணிகளிற் சரிபாதி. பிற்காலத்தார் இவ்விடுபாட்டைக் கண்டு நிரப்பினர்.

இதனால் இராமானுஜன் புகழ் சற்றும் குன்றவில்லை. அவர் நிறுவிய விதிகள் அவ்வாறே நிற்கின்றன. விடுபட்ட எண்ணும் அவ்விதிகளுக்கு அடங்கியே நிற்கிறது. ஆனால் ஒருண்மை புலனாகிறது: மேதை சொன்னார் என்பதனால் மட்டும் ஒரு கணக்கு முடிந்துவிடுவதில்லை. சிறிய எண்கள் அனைத்தையும் இவ்வெண் வெல்கிறது என்று காட்ட நெடும் பொறுமை வேண்டும். ஆயினும் அதன் காரணிகள் 5,040 தாமோ என்று பார்க்கப் பென்சிலும் தாளும் உள்ள மாணவன் எவனுக்கும் இயலும். அவ்வாறு சரிபார்க்கும் உரிமையைக் கணிதம் எவருக்கும் மறுப்பதில்லை.